நாற்பத்து மூன்று சதவீதம்

உட்காரும். அந்தப் பக்கம் வேண்டாம், பெஞ்சுக் கால் ஆடுகிறது. இப்படி வாரும். பையை மடியில் வைத்துக்கொள்ளும். தரையைத் துடைத்து இன்னும் காயவில்லை.

உள்ளே போனது உம் மகள்தானே? முகச்சாடை இருக்கிறது. என்ன வேலையாக வந்தாள்? சொல்லப் பிரியமில்லை என்றால் விடும். ஆராய்ச்சிப் பிரிவுக்கு யாரும் சும்மா வருவதில்லை. கெடு நீட்டிக்கச் சொல்லி வருவார்கள். கையெழுத்துக்கு அலைந்து வருவார்கள். இல்லையென்றால் என்னைப்போல் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

நானா? நானும் மாணவன்தான். சிரிக்காதீர். எழுபது வயது. பகுதிநேரம், வரலாற்றுத் துறை. ஞானசிகாமணி என்று உள்ளே கேட்டால் தெரியும். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியர். இப்போது இந்தப் பெஞ்சு.

ஆறு வருஷம் கெடு. இன்றோடு முடிகிறது. நாலு மணிக்கு அந்தக் கவுண்டரை மூடுவார்கள். அதற்குள் தீசிஸ் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பதிவு காலாவதி. மறுபடி முதலிலிருந்து. எனக்கு ஏது இனி முதல்?

பிறகு ஏன் இங்கே குந்தியிருக்கிறேன் என்று பார்க்கிறீர். இதைப் பாரும். ரெண்டு கட்டு. ரெண்டுக்கும் ஒரே தலைப்பு, ஒரே அட்டை. சிவப்பு நூல் கட்டியது ஒன்று, வெள்ளை நூல் கட்டியது ஒன்று. வெள்ளையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். சிவப்பைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். எதைக் கொடுப்பது என்று காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம்.

மணி என்ன? மூன்று பத்தா. சரி.

தலைப்பு என்னுடையது இல்லை. என் மகளுடையது. எப்சிபா. ஒரே பிள்ளை. 'தென்பகுதிக் கல்லறைத் தோட்டங்களின் தமிழ் வாசகங்கள்.' கல்லறைக் கல்லில் எழுதுகிறார்களே, அது. யார் எழுதினார்கள், யாருக்கு எழுதினார்கள், என்ன பொய் சொன்னார்கள் என்று. நானூற்றுப் பன்னிரண்டு கல் பார்த்திருந்தாள். நாலாவது வருஷம் பாதியில் போய்விட்டாள்.

போய்விட்டாள் என்றால் போய்விட்டாள்தான் ஓய். காய்ச்சல். இருபத்தொன்பது வயது. அதை விடும்.

அடக்கம் முடிந்து ஒரு மாசம் கழித்து இங்கே வந்தேன். இதே கவுண்டர். அப்போது வேறு ஒரு அம்மா இருந்தாள். "என் மகள் நாலு அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறாள், பட்டத்தைக் கொடுங்கள்" என்றேன். விதிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். "ஐயா, இறந்தவங்களுக்குக் கொடுக்கலாம். ஆனா இறக்கறதுக்கு முன்னாடி தீசிஸ் சமர்ப்பிச்சிருக்கணும்." அவள் என்ன, சமர்ப்பித்துவிட்டுச் சாகிறேன் என்று தேதி வாங்கிவைத்தா செத்தாள்? கத்தினேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

அப்புறம் நான் பதிவு செய்தேன்.

எம்.ஏ.வில் ஐம்பத்தைந்து சதவீதம் வேண்டும். எனக்கு ஐம்பத்தாறு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஹாலுக்குள் போனேன், பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றார்கள். பரீட்சை மேற்பார்க்க வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள். "உட்காருங்கள், நானும் எழுதத்தான் வந்தேன்" என்றேன். ஒரு பயல் சொன்னான், "தாத்தா, பக்கத்துல உக்காருங்க, காட்டுவீங்கள்ல?" காட்டவில்லை. நான் யாருக்கும் காட்டியதில்லை.

பிறகு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குழுவின் முன்னால் நிற்க வேண்டும். ஆய்வு முறையியல் என்று ஒரு பரீட்சை. ரெண்டு கட்டுரை பத்திரிகையில் வர வேண்டும். எல்லாம் செய்தேன். ஒன்றும் பெரிய வேலை இல்லை. சொன்னதைச் செய்தால் பட்டம். நான் எப்சிபாவுக்கும் அதைத்தான் சொல்வேன். சொன்னதைச் செய், தேதியைத் தவறவிடாதே.

கல்லெல்லாம் மறுபடி போய்ப் பார்த்தேன். நெறியாளர் சொன்னார், "நீங்க பார்க்காததை நீங்க எழுதக் கூடாது." கோமதிநாயகம். அவளுக்கும் அவர்தான் நெறியாளர். நல்ல மனுஷன், பேச்சு மட்டும் கூடுதல். பஸ் ஏறி ஒவ்வொரு ஊராகப் போனேன். பழைய கல்லில் எழுத்துத் தெரியாது. சாக்பீஸைப் பொடி பண்ணித் தடவி, மேலே துடைத்துவிட்டால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். எழுத்து எழும்பி வரும். அவள் அப்படித்தான் செய்வாள். ஒரு கடற்கரை ஊரில், கோயிலுக்குப் பின்னால், புன்னை மரத்தடியில் ஒரு கல். சாய்ந்து கிடக்கிறது. மழை படாத பக்கம். நான் பொடியை எடுக்கும் முன்னே பார்த்தேன். எழுத்தில் ஏற்கெனவே சாக்பீஸ் இருந்தது.

மூன்று வருஷம் ஆகியிருந்தது அப்போது. அவள் தடவியது. விரலால் அமுக்கியிருக்கிறாள், ஒரு எழுத்தில் ரேகைகூடத் தெரிந்தது.

தொடவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்ன கேட்கிறீர்? அவள் கல்லா? எங்கள் ஊர்த் தோட்டத்தில்தான். பேர், தேதி, கீழே எம்.ஏ., எம்.ஃபில். எங்கள் பக்கம் பட்டத்தைக் கல்லில் போடுவது வழக்கம். கொத்தனிடம், எம்.ஃபில்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடு என்றேன். "எவ்வளவு இடம் சார்?" என்று கேட்டான். நாலு எழுத்துக்கு என்றேன். நேசமணி, என் பெண்டாட்டி, அந்தக் கல்லைப் பார்க்க வருவதில்லை. நான் வாரம் ஒருதடவை போகிறேன். பட்டம் என் பேரில்தான் வரும் என்று தெரியும். தெரியாதவன் இல்லை. ஆனாலும் இடம் விட்டாயிற்று.

சரி, கட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் எழுதிய நாலு அத்தியாயம் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் அப்படியே வைத்தேன். ஐந்து, ஆறு, முடிவுரை நான் எழுதினேன். கோமதிநாயகம் படித்துவிட்டு மூடி வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். துறையில் எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கச் சொன்னார்கள், விளக்கினேன். சரி என்றார்கள். கடைசியாக அந்த மிஷின். காப்பியடித்திருக்கிறோமா என்று பார்க்கிற மிஷின். இப்போது தமிழையும் பார்க்கிறது. பத்து சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருக்கக் கூடாது.

நூலகத்தில் அந்தப் பெண் அச்செடுத்துக் கொடுத்தாள். நாற்பத்து மூன்று சதவீதம். "ஐயா, ரொம்பக் கூட இருக்கு. ஒரே இடத்துலருந்து எடுத்திருக்கீங்க." எங்கிருந்து என்றேன். திருப்பிக் காட்டினாள்.

இதோ. மடித்து வைத்திருக்கிறேன். முதல் வரியைப் படியும். எனக்குக் கண்ணாடி வேண்டாம், மனப்பாடம். 'மூலம் ஒன்று. மாணவர் ஆக்கம். ஞா. எப்சிபா.' பக்கத்தில் தேதி. மூன்றாவது வருஷம் அவளே சரிபார்க்கக் கொடுத்திருக்கிறாள். மிஷின் வாங்கி வைத்துக்கொண்டது. ஆள் போய் ஏழு வருஷம். இந்தக் கட்டிடத்தில் ஒரு ரிஜிஸ்டரிலும் அவள் பேர் கிடையாது. நூலக அட்டை ரத்து. விடுதிப் பலகையில் வேறு பேர். அந்த மிஷினுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கமாகச் சிவப்பு அடித்து, இது அவள், இது அவள், இது அவள் என்று சொல்கிறது.

நூலகத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண், நான் மாட்டிக்கொண்டேன் என்று வருத்தப்படுகிறேன் என நினைத்தாள். "மாத்தி எழுதிடலாம் ஐயா, எல்லாரும் அப்படித்தான்" என்றாள்.

கோமதிநாயகமும் அதையேதான் சொன்னார். "மேற்கோள்குறி போட்டு அவள் பேரைப் போட்டுவிடுகிறேன்" என்றேன். "பத்துப் பக்கம் போடலாம் ஐயா. நூற்று முப்பது பக்கத்துக்குப் போட்டா அது அவ தீசிஸ்" என்றார். "அவள் தீசிஸ்தானே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க கையெழுத்துப் போட முடியாது. இது முழுக்க என் சொந்த உழைப்புன்னு உறுதிமொழி இருக்கு. வாக்கியத்தை மட்டும் மாத்துங்க. கருத்து இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்ல."

எட்டு மாசம் மாற்றினேன். ஒவ்வொரு வாக்கியமாக. காலையில் பிரார்த்தனை முடித்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடு வரை. அவள் ஒன்று எழுதியிருந்தாள். கேளும். 'இறந்தவர் பேசுவதுபோல் எழுதப்பட்ட வாசகங்கள் எவற்றையும் இறந்தவர் எழுதவில்லை.' கல்லில் இருக்குமே, 'நான் இளைப்பாறுகிறேன்', 'என் ஓட்டத்தை முடித்தேன்' என்று. அதைப் பற்றி. நான் மாற்றினேன், 'கல்லறை வாசகங்களை உறவினர்களே எழுதினர்.' அதே அர்த்தம்தானே? சொல்லும். ஒரு குறையும் இல்லையே? ஆனால் எழுதி முடித்ததும் பழைய வாக்கியம் பின்னாலிருந்து கேட்கும். அவள் குரலில். படிக்கும்போது அவள் சத்தமாகப் படிப்பாள், அந்தக் குரல். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அடுத்ததை எடுப்பேன். அதுவும் கேட்கும். வெட்ட வெட்டக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நேசமணி ஒருநாள் காப்பி டம்ளரோடு வாசல்படியில் நின்றாள். "இன்னுமா அவள எழுத வச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். நான் எழுதுகிறேனடி, அவள் எங்கே எழுதுகிறாள் என்றேன். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு இந்த விஷயமெல்லாம் புரியாது. எட்டாவதோடு நிறுத்தியவள்.

நாற்பத்து மூன்று முப்பத்தாறாயிற்று. முப்பத்தாறு இருபத்திரண்டாயிற்று. இருபத்திரண்டில் அவள் பேர் ரெண்டாவது வரிக்கு இறங்கியது. மேலே யாரோ ஒருத்தன், சபை வரலாறு எழுதியவன். போன மாசம் ஒன்பது. வந்த தாளை மேலிருந்து கீழே தேடினேன். எப்சிபா இல்லை. எங்கேயும் இல்லை. நூலகப் பெண் கைகொடுத்தாள். "தப்பிச்சிட்டீங்க ஐயா."

அதுதான் வெள்ளை நூல். சிவப்பு நூல் அவள்.

அன்றைக்குப் பிறகு குரல் கேட்பதில்லை. வீடு சும்மா கிடக்கிறது. இது அதைவிட மோசமாக இருக்கிறது ஓய்.

மணி பாரும். மூன்று முப்பத்தைந்து. இன்னும் இருக்கிறது.

காய்ச்சலா? அதை ஏன் கேட்கிறீர். அக்டோபர் மாசம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஆறு மாச அறிக்கை கொடுக்க வேண்டும். இன்னும் நாற்பது கல் பாக்கி. அந்தக் கடற்கரை ஊரில். "உடம்பு சுடுதுப்பா, திங்கள்கிழமை போறேன்" என்றாள். மாத்திரை போட்டுக்கொண்டு போ, தேதி போனால் திரும்பி வராது என்றேன். தப்பா? நீர் அப்பன்தானே, தப்பா சொல்லும். நான் காய்ச்சலோடு பரீட்சைக்குப் போனவன். மழை பெய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நனைந்து வந்தாள். சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ரத்தத்தில் அணு குறைந்துபோயிற்று. ஐந்து நாள்.

ஊரில் என்னைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். அவளுக்கு ஆசை இல்லாமலா நானூறு கல் பார்த்தாள்? பட்டம் வாங்க வேண்டும் என்று அவளுக்குத்தான் ஆசை. எனக்கு என்ன வந்தது?

ஆமாம், நீர் இன்னும் சொல்லவில்லையே. உம் மகள் என்ன வேலையாகப் போயிருக்கிறாள்? ரொம்ப நேரமாகிறது. கையில் ஒரு கடிதம் வைத்திருந்தாள்.

என்னது?

ரத்து செய்யவா? பதிவையா? எத்தனையாவது வருஷம்? நாலாவதா!

நீர் என்ன அப்பன் ஓய்? கூடவே பஸ் ஏறி வந்திருக்கிறீர், கடிதம் கொடுக்க? பிள்ளை ஒரு கோபத்தில் சொல்லும். நாலு வருஷத்தில் எல்லாப் பிள்ளையும் சொல்லும். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது யார்? அழுகிறாள் என்றால் அழட்டும். தூங்கவில்லை என்றால்... தூங்கவில்லை என்றால் பரவாயில்லை, எல்லாரும்தான் தூங்குவதில்லை.

நீர் ஒன்றும் கவலைப்படாதீர். வாங்க மாட்டார்கள். விதி இல்லை. மூன்று வருஷம் முடிந்துவிட்டால் ரத்து செய்ய விதியே கிடையாது. முடித்துத்தான் ஆக வேண்டும். திரும்பி வந்துவிடுவாள் பாரும்.

யார் சொன்னதா?

நான் சொன்னேன்.

நான்தான் சொன்னேன். எப்சிபாவிடம். அவளும் ஒரு கடிதம் எழுதினாள். செப்டம்பரில். நான் இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன், "அப்பா, இத ஆபீஸ்ல குடுத்திருங்க" என்று கொடுத்தாள். ஒட்டியிருந்தது. பஸ்ஸில் பிரித்தேன். அப்பன் பிரிக்கக் கூடாதா? நாலே வரி. 'எனக்கு இதில் விருப்பம் இல்லை. மூன்று வருடமாக இல்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள்.' கிழிக்கவில்லை. நான் கிழிக்கிற ஆள் இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"குடுத்தீங்களா?" என்று கேட்டாள். கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்கிறார்கள், மூன்று வருஷத்துக்குப் பிறகு விதி இல்லையாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாயில் வந்தது. அவள் வாதாடவே இல்லை. "அப்படியா" என்றாள். விதி என்றால் நம்பிவிடுவாள். நான் வளர்த்த பிள்ளை. அடுத்த வாரமே நோட்டை எடுத்துக்கொண்டு கல் பார்க்கப் போனாள்.

பிறகு யோசித்தேன், விதி அப்படித்தான் இருக்கும் என்று. எதற்கும் விதி இருக்கிற இடம் இது. எம்.ஏ.வில் ஐம்பத்தைந்துக்கு விதி. சாகிறதுக்கு விதி. போகிறதுக்கு மட்டும் இல்லாமலா இருக்கும்? இருக்கும். கஷ்டமாக இருக்கும். ஏழெட்டுக் கையெழுத்து வேண்டியிருக்கும். துணைவேந்தர் வரை போக வேண்டியிருக்கும். நான் விசாரிக்கவில்லை. ஆறு வருஷமாக இதே பெஞ்சு, பத்தடி தள்ளிக் கவுண்டர், நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வருகிறாள் பாரும். உம் மகள்.

வாம்மா. உட்கார். நான் உங்கப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். என்ன சொன்னார்கள்? திருப்பிக் கொடுத்துவிட்டார்களா?

வாங்கிக்கொண்டார்களா?

சீல் போட்டா? காட்டு. ... ம். தேதி, கையெழுத்து. ஒரே கையெழுத்துதானா? இவ்வளவு நேரமாயிற்றே, வேறு எங்கே போகச் சொன்னார்கள்?

வரிசையா? வரிசையில் நின்றதுதான் நேரமா? அப்புறம்?

ரெண்டு நிமிஷமா?

ரெண்டே நிமிஷமா அம்மா? ஒன்றும் கேட்கவில்லையா? ஏன் என்றுகூடவா கேட்கவில்லை?

சரி.

இல்லை, ஒன்றுமில்லை. வயசு. தண்ணீர் வேண்டாம். இனி என்ன செய்யப் போகிறாய்?

கேட்டீரா ஓய் உம் மகள் சொன்னதை? மொதல்ல தூங்கணும் என்கிறாள். சிரிக்கிறாள்.

யார், என்னையா கூப்பிடுகிறார்கள்? ஆமாம், என் பேர்தான். கடைசி ஆள் நான்தான் போலிருக்கிறது. கவுண்டரை மூடுகிற பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் அந்த அம்மா. நல்ல அம்மா. ஆறு வருஷமாகத் தெரியும்.

எழுப்பிவிட வேண்டாம். கையை எடும். கட்டையும் தூக்க வேண்டாம், ரெண்டும் அங்கேயே இருக்கட்டும்.

தாயீ, நீங்க மூடுங்க! ஆமா, கேட்டுச்சு. வரலம்மா. மூடுங்க.

நீர் ஏன் இன்னும் நிற்கிறீர்? பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டதோ. கூட்டிக்கொண்டு போம்.